கிழித்த கடைசிப் பக்கங்களை எடுத்துக்கொண்டு வா

மகனே,

நீ சுகமாகத்தான் இருப்பாய். அடித்த கைக்கு வலி தெரியாது. அடிபட்ட கன்னம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது, அதற்காகத்தான் எழுதுகிறேன். முந்தாநாள் மதியம் இரண்டரை மணி பஸ்ஸில் உன் மகள் யாழினி பரளச்சியில் தனியாக வந்து இறங்கினாள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இங்கே ஒரு பஸ். பதிமூன்று வயதுப் பிள்ளை, கையில் தண்ணி பாட்டில்கூட இல்லை. இடது கன்னத்தில் நாலு விரல் தடித்துப்போய் நின்றது. யார் விரல் என்று நான் கேட்டிருக்கவே வேண்டாம். நான் பெற்ற விரல் எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.

"ஆருடி அடிச்சது?"

"அப்பா."

"எதுக்கு?"

பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். அட்டையைக் காணோம். முதுகு பிளந்து, நடுவில் கொத்துக் கொத்தாய்ப் பிய்ந்து, றெக்கையைப் பிடித்துக் கிழித்த கோழி மாதிரி கிடந்தது. "கொலைக்கதை படிக்கிறேன்னு அடிச்சாரு அப்பத்தா."

"கொலைய யாரு பண்ணாகளாம்?"

"அதக் கண்டுபிடிக்கிறதுக்குள்ளதான கிழிச்சுட்டாரு! கடைசி இருவது பக்கம் வீட்டுலயே கிடக்கு." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். கன்னத்துக்கு அழவில்லை. இதை நீ நன்றாகக் குறித்துக்கொள்.

பிள்ளையைக் காணோமென்று நீங்கள் தெருவில் இறங்குமுன்னே நான்தான் போன் போட்டேன். உன் பொஞ்சாதி அழுதாள். நீ அழவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிக்கிறேன்மா. அதுவரைக்கும் எந்தக் கதப் பொஸ்தகத்தையும் அவ கண்ணுல காட்டாத. எல்லாம் வெட்டு, குத்து, ரத்தம். பிள்ள கெட்டுப்போயிரும்" என்றாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிட்டாய். போனை வைக்கலாம். கடுதாசியைப் பாதியில் வைக்க முடியாது. வைத்தால் மிச்சத்தில் என்ன எழுதியிருக்கிறாளோ கிழவி என்று திரும்ப எடுப்பாய். எடு.

இதை யாழினி போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். உங்கள் அடுக்குமாடிக் குரூப்பிலும் போடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் படிக்கட்டும். மானம் போகிறது என்பாய். பிள்ளை கன்னத்தில் மானத்தை அச்சடித்துப் பஸ் ஏற்றிவிட்டவன்தானே நீ. போகட்டும். எழுத்தெல்லாம் புத்தகத் தமிழாக இருக்கிறதே என்று அதிசயப்படாதே. நான் படிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, கதைப் புத்தகத்தில். அது எப்படி என்றுதான் இப்போது சொல்லப்போகிறேன்.

உன் அக்கா மாரிக்கு வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியது மடங்கியபடியே இருப்பதைப் பார்த்திருக்கிறாய். பாலவனத்தத்தில் அவள் செராக்ஸ் கடையில் ஆட்கள் கேட்டால் அவளும், வீட்டில் நீ கேட்டால் நானும் ஒரே பதில்தான் சொல்லுவோம். சின்ன வயசுல கரிமூட்டத்துல தடுக்கி விழுந்துட்டா. அது பொய். முப்பத்திரண்டு வருஷமாய் நான் சொன்ன பொய், எனக்காக அவளும் சேர்ந்து சொன்ன பொய்.

அப்போது உனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாலு. மழை பொய்த்து மிளகாய் கருகிப்போன வருஷம். உங்கய்யா கருவேலங்காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கரி சுட்டுக்கொண்டிருந்தாக. வெட்டின விறகைக் கூம்பாய் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, ஈர மண்ணைக் குழைத்து மேலே பூசி, உள்ளே நெருப்பு வைப்பது நீயும் பார்த்ததுதான். அது எரியக்கூடாது, உள்ளுக்குள்ளேயே வேக வேண்டும். அடியில் எலிவளை மாதிரி நாலைந்து ஓட்டை மட்டும் விட்டு, எங்கேயாவது மண் விரிந்தால் ஓடி ஓடி அடைக்க வேண்டும். பெரிசாய் ஒரு வாய் திறந்தால் போச்சு. காற்று உள்ளே போய் நெருப்பு எழும்பி, வாரக்கணக்காய் வெட்டின விறகு ஒரு மணி நேரத்தில் சாம்பல்.

அன்றைக்கு மூட்டம் மூன்றாம் நாள் வெந்துகொண்டிருந்தது. மேலவீட்டுக்காரி தண்ணிக் குடத்தோடு வந்து நின்று, "ஒம் மக காட்டுல ஒக்காந்து காதல் பொஸ்தகம் படிக்கிறா. நாளைக்கு எவன் பின்னாலயும் போயிட்டா எங்கிட்ட வந்து அழாத" என்றாள். அவள் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. நான் கேதத்துக்குப் போகவில்லை. இன்னொரு தரம் செத்தாலும் போகமாட்டேன். அவள் அப்படிச் சொன்னதும் நான் நேரே காட்டுக்குப் போனேன். மாரி ஒரு வேலிக்கருவை நிழலில், மூட்டத்துக்குக் காவல் என்ற பேரில், புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். லைப்ரரிப் புத்தகம். மூட்டத்தில் ஒரு பக்கம் மண் விரிந்து புகை வருவதைக்கூட அவள் பார்க்கவில்லை. பிடுங்கினேன். திறந்த பக்கத்தில் ஒரு படம். ஒரு பொம்பிளை ஒரு ஆம்பிளை கழுத்தில் இரண்டு கையையும் போட்டு நிற்கிறாள், அவன் அவள்மேல் சாய்ந்து கிடக்கிறான். கீழே எழுத்து எறும்பு வரிசை மாதிரி ஓடுகிறது. மூன்றாம் வகுப்போடு என் அப்பன் என்னைச் சடையைப் பிடித்து மிளகாய்க் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். எழுத்துக் கூட்டிப் பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். அந்த எறும்பு வரிசை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. படம் மட்டும் தெரிந்தது.

முதலில் புத்தகத்தாலேயே அவள் தலையில் அடித்தேன். அப்புறம் புறங்கையால் வாயில். பல் பட்டு உதடு கிழிந்தது. "அம்மா, அது அந்தப் படம் இல்லம்மா, நாஞ் சொல்றதக் கேளும்மா" என்று கத்தினாள். "எழுத்துத் தெரியாதவன்னு எனக்கே சொல்லித் தாரியாடி?" என்று கேட்டுக்கொண்டே கடப்பாரையை எடுத்து, விரிந்த மண்ணை இன்னும் நெம்பி, ஆள் தலை நுழைகிற அளவுக்கு வாய் திறந்து, புத்தகத்தை உள்ளே சொருகினேன். இது கரி சுடுகிற வீட்டில் எந்தக் குழந்தையும் செய்யாத காரியம். கோபத்தில் நான் அதைச் செய்தேன். மாரி, அந்தப் பைத்தியக்காரி, புத்தகத்துக்காகக் கையை உள்ளே விட்டாள். இரண்டு கையையும்.

காற்று உள்ளே போன சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. பெரிய மாடு மூச்சு வாங்கினது மாதிரி. அப்புறம் தீ. அவள் முழங்கை வரைக்கும் தீ. நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன், அவள் புத்தகத்தை விடவில்லை. வெளியே வந்தபோது கையில் இருந்தது புத்தகம் இல்லை, கறுப்பாய் ஒரு கட்டி. அதிலே அவள் தோலும் ஒட்டியிருந்தது. உங்கய்யா மண்வெட்டியோடு ஓடிவந்தாக. என்ன நடந்தது என்று கடப்பாரை கிடந்த கிடையிலேயே தெரிந்துவிட்டது அவுகளுக்கு. மண்வெட்டியை என் தலைக்கு நேரே ஓங்கினாக. நான் தலையைக் குனிந்து நின்றேன். மண்வெட்டி இறங்கவில்லை. கீழே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடினாக. பின்னாலே மூட்டம் முழுசும் பந்தமாய் எரிந்தது. அதை அணைக்கப் போகவில்லை நான். அன்றைக்கு அவுக என்னை அடிக்கவில்லை, அதுக்குப் பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமைக்கு நான் இன்னும் அவுகளை மன்னிக்கவில்லை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து "அக்கா எங்க?" என்று கேட்டாய். தடுக்கி விழுந்துட்டா என்றேன். அப்படித்தான் அந்தப் பொய் பிறந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது மாரிக்கு இரண்டு கையும் துணிப்பொட்டலம். சோறு நான் ஊட்டினேன், சடை நான் பின்னினேன். அவள் என்னைப் பார்க்கவே மாட்டாள். சுவரைப் பார்த்தே வாயைத் திறப்பாள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் லைப்ரரிக்குப் போனேன். லைப்ரரிக்காரர் ஒல்லியான மனுசன், திருச்சுழியிலிருந்து சைக்கிளில் வந்து போவார். "பொஸ்தகத்த எரிச்சுப்புட்டேன். என்ன செய்யணுமோ செய்ங்க" என்றேன். பிள்ளைக்குக் கை வெந்தது அவருக்கு ஊர்ப்பேச்சில் தெரிந்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு மெலிந்த புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார். கொட்டை கொட்டையாய் எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம், முதலையும் குரங்குகளும்.

"பிள்ளைக்குப் படிச்சுக் காட்டுங்க."

"எனக்கு எழுத்து ஓடாதுங்கய்யா."

"அவளுக்குப் படிக்கத் தெரியும், பிடிக்கக் கையில்ல. உங்களுக்குக் கையிருக்கு, படிக்கத் தெரியாது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு தேறும். போங்க."

அன்றைக்குச் சாயங்காலம் அவள் முகத்துக்கு நேரே புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மு... த... லை..." என்றேன். அவள் சுவரைப் பார்த்தபடியே, "தள்ளித் தள்ளிப் படிக்காத, அது ஒரு முதலை, மூணு கழுத இல்ல" என்றாள். பத்து நாளில் அவள் பேசின முதல் பேச்சு அதுதான். நீ சிரித்தாய். அவளும் சிரித்துவிட்டாள், கிழிந்து ஆறின உதடு ஒரு பக்கமாய் இழுத்தது. இரண்டு மாதம் அப்படியே படித்தோம். நான் தப்பாய்ப் படித்தால் அவள் என்னைத் திட்டுவாள். திட்டட்டும் என்று சில இடத்தில் வேணும் என்றே தப்பாய்ப் படித்தேன். ஒருநாள் கேட்டேன், "அந்தப் படத்துல அவ யாருடி? எதுக்கு அவனக் கட்டிப்பிடிச்சா?" என்று. அவள் சொன்னாள், "கட்டிப்பிடிக்கலம்மா. அவளத் தீவுல அடச்சு வச்சிருந்தான். தூங்குறப்ப சங்கிலியப் போட்டு அவங் கழுத்த நெரிக்கிறா. நெரிச்சுட்டுக் கடல்ல குதிக்கப் போறா. குதிச்சாளா, தப்பிச்சாளான்னு நாம் படிக்கல."

அவள் குதித்தாளா என்று இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அந்தப் புத்தகத்துக்கு அட்டை கிழிந்திருந்ததால் பேரும் தெரியாது. லைப்ரரிக்காரருக்கும் நினைவில்லை.

இப்போது உன் வழக்குக்கு வருகிறேன். நீ யாழினியின் புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாய்? அவளிடம் கேட்டேன். "அட்டையில கத்தி இருந்துச்சு அப்பத்தா, அதப் பாத்ததுமே பிடுங்கிட்டாரு" என்கிறாள். நான் படத்தைப் பார்த்தேன், நீ அட்டையைப் பார்த்தாய். எனக்கு அன்றைக்குப் படிக்கத் தெரியாது. உனக்கு?

வெட்டு, குத்து, ரத்தம் என்கிறாயே. அந்த இரண்டு மாதமும் அக்கா காலடியில் படுத்துக்கொண்டு நீ எதைக் கேட்டாய் தெரியுமா? ஏழு தலை அரக்கன் கதை. ஒவ்வொரு தலையாய் வெட்டுகிற இடம் வரும்போது எழுந்து உட்கார்ந்துவிடுவாய். ஏழும் வெட்டி முடித்ததும், "இன்னொருக்கா வெட்டும்மா" என்பாய். எனக்கு எழுத்துக் கூட்டி ஒரு தலை வெட்டவே கால் மணி நேரம் ஆகும். மூன்று தடவை வெட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு சொட்டுப் பயமில்லாமல் தூங்கினாய். நீ கெட்டுப்போகவில்லை, அந்தக் கதையால். ஆனால் அதே வீட்டில் அக்காவின் கட்டைப் பிரிக்கிறபோது ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் படுக்கையை நனைத்தாய். கதையில் வெட்டின தலை தரையில் உருளுவதோடு சரி. வீட்டில் அடித்த அடி, மூட்டத்து நெருப்பு மாதிரி, மேலே மண்ணைப் பூசினாலும் உள்ளே வேகும். என் அப்பன் என்னை இழுத்த இழுப்பு என் கைக்கு வந்தது. என் கை உன் கைக்கு வந்திருக்கிறது. இங்கேயே நிற்கட்டும். தாண்டி யாழினி கைக்குப் போனால், நான் செத்தபிறகும் எழுந்துவந்து உன்னை அடிப்பேன்.

பிள்ளைக்கு எந்தப் புத்தகம் கொடுப்பது என்று உங்களுக்கெல்லாம் பெரிய குழப்பமாம். உன் பொஞ்சாதி சொன்னாள், குரூப்பில் லிஸ்டு லிஸ்டாய் வருகிறதாம். நானும் சொல்கிறேன், கேளுங்கள். சின்னப் பிள்ளைக்கு மிருகக் கதை. நரியும் ஓநாயும் கடித்துக் குதறட்டும், பரவாயில்லை. கடைசியில் சின்னது பிழைக்க வேண்டும், அது ஒன்றுதான் முக்கியம். எழுத்து பெரிசாய் இருக்கட்டும், மடியில் வைத்துப் படிக்கிற கிழவிக்கும் ஆகும். ஏழெட்டு வயதுக்கு அரக்கன், சூனியக்காரி, ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிர். அரக்கனைக் கொல்லாத கதை வாங்காதே. இப்போது அரக்கன் திருந்திவிடுகிறான் என்று ஒரு புத்தகம் வாங்கிக்கொடுத்தாயே, யாழினி அதைத் தூக்கிப் போட்டாள், சரியாகத்தான் செய்தாள். பத்து வயதுக்குப் படக்கதை. குதிரை, துப்பாக்கி, புதையல். ஒரே நாளில் மூன்று படிக்கட்டும், ஒன்றையே முப்பது தடவை படிக்கட்டும், சோற்றுத் தட்டில் சாம்பார் சிந்திப் படிக்கட்டும்.

பேய்க்கதையைத் தடுக்காதே. பயப்படப் பழக நல்ல இடம் அதுதான், பக்கத்தை மூடினால் பேய் போய்விடும். பன்னிரண்டு பதிமூன்றுக்குத் துப்பறிகிற கதை. அதில் பிள்ளை ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்து, இவன் சொல்வது பொய்யா நிசமா என்று யோசிக்கிறது. எங்களுக்கு அதை ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால் மேலவீட்டுக்காரி பேச்சைக் கேட்டுக் கடப்பாரை எடுத்திருப்பேனா? அதற்கு மேலே வளர்ந்த பிள்ளைகளுக்கு ராசா காலத்துப் பெரிய கதைகள், தலையணை கனத்துக்கு வருமே, அவை. யுத்தம், சதி, விஷம் எல்லாம் இருக்கும். நான் நாலு பாகம் ஒரு கதையை ஆறு மாதம் படித்தேன், ஒரு தளபதி செத்த அன்றைக்கு உலை வைக்கவில்லை. நம் மண்ணுக் கதையும் கொடு, தண்ணியில்லாத ஊரில் ஆட்கள் எப்படிப் பிழைத்தார்கள், யார் யாரை மிதித்தார்கள் என்று. காதல் கதையா? படிக்கட்டும். படித்தால் ஓடிப்போவாள் என்றால், படிக்காத நாங்கள் எல்லாம் ஓடாமலா இருந்தோம்? இந்த ஊரில் ஓடின ஏழு பேரும் கைநாட்டு.

வாங்கக்கூடாத புத்தகம் ஒன்றே ஒன்றுதான். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைக்குக் கை போச்சு, கால் போச்சு, கண் போச்சு என்று முடிகிற கதை. அம்மா அப்பா அடித்ததும் அது திருந்தி முதல் மார்க் வாங்கும். படம் அழகாய் இருக்கும், ரத்தமே இருக்காது. நான் படித்ததிலேயே கொடூரமான கதை அதுதான். எரிக்கணும்போல வந்தது. எரிக்கவில்லை. இனி எந்தப் புத்தகத்தையும் நான் எரிக்கமாட்டேன்.

நேற்று மாரிக்குப் போன் போட்டேன். கடையைப் பூட்டிவிட்டு, பசையும் தாளும் எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பி மகள் கன்னத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, கிழிந்த பக்கத்தையெல்லாம் வரிசையாய் அடுக்கி ஒட்ட ஆரம்பித்தாள். மடங்கின விரல் இரண்டும் தாளை அழுத்திப் பிடிக்க நல்ல தோது, தெரியுமா? யாழினி கேட்டாள், "அத்தை, இது எப்பிடி ஆச்சு?" மாரி வாயைத் திறந்தாள், தடுக்கி விழுந்ததைச் சொல்ல. நான்தான் முந்திக்கொண்டு, "நாந்தான்டி சுட்டேன்" என்றேன். பிள்ளை என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் வரவில்லை. அதுவும் எனக்கு வேண்டியதுதான். உனக்கும் அது வரும், எத்தனை நாள் தள்ளி உட்காருவாள் என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. பிள்ளையைக் கூட்டிப்போக என்று வராதே, அது அவள் இஷ்டம். அந்தக் கடைசி இருபது பக்கத்தையும் குப்பையில் இருந்தாலும் பொறுக்கி, சுருக்கம் நீவி எடுத்துக்கொண்டு வா. அதைப் படிக்கப்போகிறது அவள் இல்லை, நீ. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, சத்தமாய், ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். கத்தி வருகிற இடத்தையும் ரத்தம் வருகிற இடத்தையும் முழுங்கக்கூடாது. தப்பாய்ப் படித்தால் அவள் திட்டுவாள், வாங்கிக்கொள். நான் அப்படித்தான் என் பிள்ளை முகத்தைத் திரும்பப் பார்த்தேன். வேறு வழி எனக்குத் தெரியாது.

அந்த இருபது பக்கம் போக மிச்சக் கதையை நாங்கள் மூன்று பேரும் படித்து முடித்துவிட்டோம். பெரிய வீட்டில் ஒரு கிழவர் செத்துக் கிடக்கிறார், வீட்டில் இருக்கிற அத்தனை பேர் மேலும் சந்தேகம். யாழினி தோட்டக்காரன்தான் என்கிறாள். மாரி அந்த வீட்டு மருமகள் என்கிறாள். எனக்கு மட்டும், எல்லாரும் நல்லவர் நல்லவர் என்று சொல்லுகிற அந்த வீட்டுப் பிள்ளைகளின் அப்பன்காரன் மேல்தான் சந்தேகம். நான் நினைத்தது தப்பாய்ப் போகட்டும் என்று இருக்கிறேன். நீ வந்து படித்துச் சொல்.

உன்னைப் பெற்றவள்.